அப்பா ஏற்றுக்கொண்ட அச்சுப்பிழை

(பட்டிமன்றத் தலைப்பு: தந்தை பிள்ளைக்குத் தரும் பெருஞ்செல்வம் – படிக்க வைத்த கல்வியா? வாழ்ந்து காட்டிய உழைப்பா? ‘வாழ்ந்து காட்டிய உழைப்பே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

தமிழைச் சுவைக்கவும் தெரிந்து, எங்களைச் சிரித்துக்கொண்டே அடக்கவும் தெரிந்த நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கிற என் அன்புக்குரிய எதிரிகளே! (சிரிப்பு) அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! பண்டிகை நாளும் அதுவுமாக முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே அமர்ந்திருக்கிற நேயர்களே!

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய நண்பர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். “முனைவர் பட்டம் வாங்கியவர், கல்லூரியிலே சம்பளம் வாங்குகிறவர், கல்வி பெரிதல்ல என்று பேச வந்திருக்கிறாரே, இது உண்ட வீட்டுக்கு இரண்டகம் இல்லையா?” என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். அய்யா, கல்வி சிறியது என்று நாங்கள் சொல்லவே இல்லை. தந்தை கட்டிய பள்ளிக்கூடக் கட்டணம் பெரிதா, அந்தக் கட்டணத்தைச் சம்பாதித்த விதம் பெரிதா என்பதுதான் இன்றைய வழக்கு. அந்த வழக்கிலே நான் பேச்சாளன் மட்டுமல்ல, சாட்சி. சாட்சிக் கூண்டில் நிற்கிறவன், உண்மையைச் சொன்னால், குற்றவாளிக் கூண்டிலும் நிற்க வேண்டியவன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் அப்பா ஒரு கம்பாசிட்டர். கும்பகோணத்திலே ஓர் அச்சகத்தில் அச்சுக்கோக்கிற வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனவர், கிட்டத்தட்ட நாற்பது வருஷம் அந்த ஒரே கட்டடத்தில் நின்றுகொண்டே வேலை பார்த்தார். நின்றுகொண்டே என்பதைக் கவனியுங்கள். நாங்கள் கல்லூரியில் ஒரு மணி நேரம் நின்று பாடம் நடத்திவிட்டு, கால் வலிக்கிறது என்று நாற்காலி தேடுகிறவர்கள். (சிரிப்பு)

இந்த அரங்கத்தில் இருக்கிற இளைஞர்களுக்குக் கம்பாசிட்டர் என்றால் என்னவென்று தெரியாது. அது அவர்கள் தவறில்லை. இன்றைக்குக் கைப்பேசியிலே விரலால் தட்டினால் எழுத்து வருகிறது. பிழையாக வந்தால் கைப்பேசி மேல் பழி போட்டுவிடலாம். அன்றைக்கு ஒவ்வோர் எழுத்தும் ஒரு துண்டு உலோகம். ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றும் கலந்து வார்த்தது. கம்பாசிட்டருக்கு முன்னால் சாய்வாக மரப்பெட்டி இருக்கும். அதற்குக் கேஸ் என்று பெயர். அதிலே சின்னச் சின்ன அறைகள். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. சின்னது பெரியது என்று இரண்டாக வைத்தாலும் 52. நம் தமிழிலே 247. கால், கொம்பு என்று தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளக் கூடியவை உண்டு. ஆனால் கி, கீ, கு, கூ என்று வருகிறவற்றுக்கெல்லாம் தனித்தனி அச்சு வேண்டும். போதாக்குறைக்கு ஜ, ஷ, ஸ, ஹ வேறு. இத்தனை அறைகளில் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று அப்பா கண்ணால் பார்க்க மாட்டார். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். கை தானாகப் போகும்.

இடது கையிலே ஸ்டிக் என்று ஓர் இரும்புச் சட்டம். அதிலே எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். எப்படி? தலைகீழாக! எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி இருக்கும்; அதையும் தலைகீழாக வைத்து, இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். ஒவ்வோர் அச்சிலும் ஒரு சின்ன வெட்டு இருக்கும். கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தால் எழுத்து சரியான பக்கம் திரும்பியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். நாம் தமிழை நேராகப் படித்தே தடுமாறுகிறோம். அப்பா நாற்பது வருஷம் தமிழைத் தலைகீழாகப் படித்தவர். தமிழைத் தலைகீழாகப் படித்தவன் நான்தான் என்று மேடையில் மார் தட்டுகிறவர்கள் எங்கள் கூட்டத்திலும் இருக்கிறார்கள். உண்மையிலே அப்படிப் படித்தவர் என் அப்பா ஒருவர்தான்! (கைதட்டல்)

அச்சடித்து முடித்தால் வேலை முடிந்துவிடாது. அத்தனை எழுத்தையும் பிரித்து, அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். அலுப்பான வேலை. பல பேர் அதைச் சின்னப் பையன்களிடம் தள்ளிவிடுவார்கள். அப்பா தள்ள மாட்டார். கேட்டால் சொல்லுவார்: “இன்னைக்கு நாம தப்பான அறையில போடற எழுத்து, நாளைக்கு இன்னொருத்தர் புஸ்தகத்துல போய் முளைக்கும்ப்பா.” நடுவர் அவர்களே, இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டம் இருக்கிறது?

சாயங்காலம் வீட்டுக்கு வருவார். நான் ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளப் பார்ப்பேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நிற்பார். “கிட்ட வராத தம்பி, கை கழுவிட்டு வரேன்” என்பார். கிணற்றடிக்குப் போய் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சவுக்காரம் போட்டு ஒரு முறை, மறுபடியும் ஒரு முறை. அந்தக் கை கழுவி முடிவதற்குள் நான் தூங்கிப்போன நாள்கள் உண்டு. மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் தெருவிலேயே தூக்கிக் கொஞ்சுவார்கள்; என் அப்பாவுக்கு என் மேல் பிரியம் இல்லையோ என்று நினைத்தவன் நான். ஈயம் உடம்புக்கு நஞ்சு, அதிலும் குழந்தை உடம்புக்கு அதிக நஞ்சு என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு இருபது வயது ஆயிற்று. அதை அப்பா படிக்கவில்லை. தெரிந்து வைத்திருந்தார்.

எதிரணி நண்பர்கள் நூல்களைப் பற்றி நிறையச் சொன்னார்கள். நானும் இரண்டு நூல்களைப் பற்றிச் சொல்கிறேன். 1578-ஆம் ஆண்டு கொல்லத்திலே ‘தம்பிரான் வணக்கம்’ என்று 16 பக்கத்தில் ஒரு சின்ன நூல் அச்சானது. இந்திய மொழிகளிலே தன் சொந்த எழுத்தில் முதன்முதலாக அச்சேறிய மொழி நம் தமிழ். அந்த நூலைத் தந்த அண்டிரிக் அடிகளார் பெயரை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இன்னொன்று, 1887-ல் வெளிவந்த சீவகசிந்தாமணி. எங்கள் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தது. ஏட்டிலிருந்து தமிழைக் காப்பாற்றிக் காகிதத்துக்குக் கொண்டுவந்த அந்தப் பெருமகனை நாம் தமிழ்த் தாத்தா என்று கும்பிடுகிறோம். கும்பிட வேண்டும். ஆனால், அந்தத் தமிழை ஒவ்வோர் எழுத்தாக ஈயத்திலே கோத்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நான் தமிழ் எம்.ஏ. படித்தேன். ஒரு தேர்விலும் அந்தக் கேள்வி வரவில்லை. எழுத்தாளர் விந்தன் அச்சுக்கோப்பவராக இருந்து எழுத்தாளராக உயர்ந்தவர். அவர் பேனாவைப் பிடித்ததால் நமக்குப் பெயர் தெரிகிறது. ஸ்டிக்கை மட்டுமே பிடித்தவர்கள் பெயர் தெரியாமலே போனார்கள்.

1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. பெரியார் 1935-லேயே ‘குடிஅரசு’ இதழில் கொண்டுவந்த மாற்றத்தைத் தமிழக அரசு ஆணையாகப் பிறப்பித்தது. 13 எழுத்துகளுக்கு வடிவம் மாறியது. அதுவரை ‘லை’ என்று எழுத யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவைத் தலையில் போடுவோமே, அது போய்விட்டது. அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் புது எழுத்தை ஒரே வாரத்தில் பழகிவிட்டேன். அப்பாவுக்குத்தான் சிரமம். கை பழைய அறைக்கே போகும். வெறும் அறையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். ராத்திரி சாப்பிடும்போது சோற்றுத் தட்டைத் தாண்டி அந்தக் கை எங்கேயோ ஓர் அறையைத் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன். மாற்றத்தைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. “சுலபமா இருக்கு, பிள்ளைங்களுக்கு நல்லது” என்பார்.

எதிரணித் தலைவர் புறநானூற்றை இழுத்தார். 312-ஆம் பாட்டு, பொன்முடியார் பாடியது. மகனைச் சான்றோன் ஆக்குவது தந்தையின் கடமை, ஆகவே கல்விதான் பெரிது என்று முடித்துவிட்டார். அய்யா, பாட்டைப் பாதியிலே நிறுத்தலாமா? அதே பாட்டில் அடுத்து வருகிறவர் யார்? கொல்லன்! வேலை வடித்துக் கொடுப்பது அவன் கடமை என்கிறார் அந்தத் தாய். ஒரு மகன் உருவாக வேண்டுமானால் பெற்ற தாய் போதாது, தந்தை போதாது, அரசன் போதாது. பட்டறையில் நிற்கிற ஒரு தொழிலாளியும் வேண்டும் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் பாடி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டிலே தந்தை வேறு, கொல்லன் வேறு. என் வீட்டிலே இரண்டும் ஒரே ஆள்! (கைதட்டல்) அவர் என்னைச் சான்றோன் ஆக்கினாரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் நான் இந்த மேடையில் வீசுகிற வேல் அவர் வடித்தது.

இனி, நான் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டிய இடம்.

1993-ஆம் ஆண்டு. தமிழில் எம்.ஏ. முடித்து எம்.பில். முடித்து, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த காலம். என் எம்.பில். ஆய்வேட்டைப் புத்தகமாகப் போட ஆசைப்பட்டேன். அப்பா வேலை பார்த்த அச்சகத்திலேயே 96 பக்கம், 500 படி. பெரிய ஊர்களில் கணினி அச்சு வந்துவிட்டது. எங்களிடம் இருந்த காசுக்கு ஈய எழுத்துதான். அப்பாவே கோத்தார். மார்கழி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா. முன்னுரையை நான் கடைசி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். அதன் கடைசி வரி: ‘என் தமிழ்ப் பணி தொடரும்.’

விழாவிலே பேச வந்த பெரியவர் புத்தகத்தைப் புரட்டினார். சிரித்தார். “இந்த வெளியீட்டு விழாவை ஏன் மார்கழியிலே வைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இப்போது புரிகிறது. ஆசிரியரே எழுதிவிட்டார், தமிழ்ப் பனி தொடரும் என்று! எல்லோரும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள்” என்றார். அரங்கமே சிரித்தது. நீங்களும் சிரிக்கிறீர்கள். (சிரிப்பு) மூன்று சுழி ‘ண’ வர வேண்டிய இடத்தில் இரண்டு சுழி ‘ன’. பணி, பனியாகிவிட்டது. முன்வரிசையில், நாளைக்கு எனக்கு வேலை கொடுக்க வேண்டியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. கொதித்துப்போனேன்.

மறுநாள் காலையில் நேராக அச்சகத்துக்குப் போனேன். முதலாளி இருக்கிறார், கூட வேலை செய்கிற பத்துப் பேர் இருக்கிறார்கள். அப்பாவைப் பார்த்துக் கேட்டேன்: “ண-வுக்கும் ன-வுக்கும் வித்தியாசம் தெரியாதாப்பா உங்களுக்கு? எட்டாங்கிளாஸ் படிச்சவங்க கையில தமிழைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்!”

சொன்னேன் அய்யா. இந்த வாய்தான் சொன்னது.

அச்சகமே அமைதியாகிவிட்டது. ட்ரெடில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவர் காலை நிறுத்திவிட்டார். முதலாளி எழுந்தார். “இருங்க தம்பி. புரூப் ஃபைல்ல இருக்கும். எடுத்துப் பார்த்துடலாம்” என்று அலமாரிப் பக்கம் போனார். அப்பா குறுக்கே வந்து நின்றார். “வேணாம் மொதலாளி. என் கவனக்குறைவுதான். அச்சுப்பிழை. நான் சரி பண்ணிடறேன். ஆகிற செலவை என் கூலியில பிடிச்சுக்குங்க.” அவ்வளவுதான் சொன்னார். அன்று ராத்திரி வீட்டுக்கு வரவில்லை. பிழைதிருத்தம் என்று ஒரு சின்னச் சீட்டு கோத்து, 500 அடித்து, ஒவ்வொரு புத்தகத்திலும் தன் கையால் ஒட்டிவிட்டுத்தான் காலையில் வந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தவறு அவருடையது அல்லவா?

அடுத்த வருஷம் எனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. 1997-ல் அந்த அச்சகம் ஆப்செட்டுக்கு மாறியது. ஈய எழுத்தையெல்லாம் மூட்டை கட்டி எடைக்குப் போட்டார்கள். ஒரு மனிதன் நாற்பது வருஷம் கையால் பேசிய மொழி, தராசிலே கிலோக் கணக்கில் போயிற்று. அப்பா தன் ஸ்டிக்கை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். 2011-ல் காலமானார்.

காரியமெல்லாம் முடிந்து வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப் போட வேண்டும் என்று, அவருடைய பழைய காகிதங்களைத் தேடினோம். அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து கொடுத்தார்கள். ரேஷன் கார்டு நகல், சேமநிதிச் சீட்டு, அந்த ஸ்டிக். அதற்கு அடியிலே நாலாக மடித்த ஒரு காகிதம். பிரித்தேன். என் புத்தகத்தின் முன்னுரை. அச்சுக்கு முந்தின புரூப். பின்னாலேயே என் கையெழுத்துப் பிரதியும் குண்டூசி குத்தி இருந்தது.

கையெழுத்துப் பிரதியில், என் சொந்தக் கையால், அவசரத்திலே நான் எழுதியிருக்கிறேன்: ‘தமிழ்ப் பனி.’ இரண்டு சுழி.

புரூப்பிலே அந்தச் சொல்லைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். ஓரத்தில் அப்பாவின் எழுத்து: ‘பணி?’ கேள்விக்குறியோடு. எழுதியவரைக் கேட்காமல் மூலத்தில் கை வைக்கக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம். அதனால் கேட்டிருக்கிறார். எம்.பில். படித்த மகனிடம் எட்டாம் வகுப்புப் படித்த தகப்பன் பென்சிலால் கேட்டிருக்கிறார். அதற்குக் கீழேயே நான் பேனாவால், ‘அச்சிடலாம்’ என்று எழுதி, தேதியோடு கையொப்பம் போட்டிருக்கிறேன். அந்தப் புரூப்பிலே நான் எதைப் பார்த்தேன் தெரியுமா? என் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., எம்.பில். என்று போட்டிருக்கிறதே, அதிலே புள்ளியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

நடுவர் அவர்களே, இருபத்தைந்து ஆண்டுகளாகப் பட்டிமன்றம் பேசுகிறேன். ஆதாரம் இல்லாமல் வாதாடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானே ஆடியிருக்கிறேன். ஆதாரம் அத்தனையும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தும், வாதாடாமல் தோற்றுப்போன ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். (நீண்ட கைதட்டல்)

ஏன் தோற்றார்? ரொம்ப நாள் யோசித்தேன். அச்சுப்பிழை என்றால் உலகம் மன்னிக்கும். அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். தமிழ் படித்தவன் செய்த பிழை என்றால் மன்னிக்குமா? நாளைக்கு நேர்முகத் தேர்வில் உட்காரப் போகிற மகன், பணிக்கும் பனிக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று ஊர் பேசலாமா? அந்த ஒரு நிமிஷத்திலே அவர் கணக்குப் போட்டுவிட்டார். பிழை இருந்தே தீரும். அது மகன் பெயரில் இருக்க வேண்டுமா, தன் பெயரில் இருக்க வேண்டுமா? நாற்பது வருஷம் பிழையில்லாமல் கோத்தவர் என்று அந்த அச்சகத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. இருந்த ஒரே சொத்து அதுதான். அதை எடுத்து என் பிழைக்கு விலையாகக் கொடுத்துவிட்டார். மகனை அவையிலே முன்வரிசையில் உட்கார வைப்பது தந்தையின் கடமை என்று எதிரணியினர் வள்ளுவரைச் சொன்னார்கள். உண்மைதான். என் அப்பா என்னை முன்வரிசையில் உட்கார வைப்பதற்காக, தான் குற்றவாளியாக நின்றார்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். அப்பா எனக்குக் கொடுத்த கல்விதான் அன்றைக்கு அந்த அச்சகத்தில் அவரையே அடித்தது. ண-வுக்கும் ன-வுக்கும் வித்தியாசத்தைக் கல்வி எனக்குச் சொல்லிக் கொடுத்தது; அதைத் தெரிந்துகொண்டவன் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைப் பெட்டிக்குள் இருந்த அந்தக் காகிதம் சொல்லிக் கொடுத்தது. 2011-க்குப் பிறகு, எந்தத் தாளையும் முழுதாகப் படிக்காமல் நான் கையொப்பம் போட்டதில்லை. என் மாணவனின் ஆய்வேட்டில் பிழை இருந்தால் நாலு பேர் முன்னால் சொன்னதில்லை. ஓரத்திலே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுகிறேன். என் நூல்களில் முன்னுரையின் கடைசி வரியில், அதைக் கணினியில் தட்டச்சு செய்து கொடுத்தவர் பெயர் இருக்கும். இதெல்லாம் முனைவர் பட்டத்தில் வந்தவை அல்ல. தப்பான அறையில் போட்ட ஓர் எழுத்தை நாற்பது வயதுக்கு மேல் எடுத்துச் சரியான அறையில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதிலே என் பெயர் இருக்கிறது. எதற்கு வாரிசு என்று அதில் எழுதியிருக்காது. என்னிடம் இருக்கிற மடித்த காகிதத்தில் எழுதியிருக்கிறது: ‘பணி?’ என்று ஒரே ஒரு சொல், ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்கு அன்றைக்குப் படிக்காமலே ‘அச்சிடலாம்’ என்று எழுதிவிட்டேன். இன்றைக்கு, இத்தனை பேரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்: ஆமாம்ப்பா. பணிதான். மூன்று சுழி. நீங்கள் சொன்னதுதான் சரி.

பிள்ளைக்குத் தந்தை தருகிற பெருஞ்செல்வம் அவர் வாழ்ந்து காட்டிய உழைப்பே என்று தீர்ப்புத் தாருங்கள் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(கைதட்டல்)